ரைபிளுக்கு ஜீரோ வைப்பது (குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு விழச் செய்வது): 20 தோட்டா தீர்ந்தும் குறி நிற்கவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குடமுருட்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருவையாற்றுக்குப் பக்கம், வேலை அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில். தங்கை கல்யாணத்துக்காக லீவில் வந்திருக்கிறேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இன்னும் 12 நாள் ஊரில் இருப்பேன்.

அங்கே என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்குப் பண்ணை இருக்கிறது. அவர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து மான் வேட்டைக்குப் போகிறார்கள். இந்த வருஷம் என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அங்கே துப்பாக்கி சீசன் 9 நாள்தான். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். உரிமமும் எடுத்தாயிற்று. .308 வின்செஸ்டர் போல்ட் ரைபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னாலிருக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளுவது) ஒன்று, 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்போடு, ஒருவர் வைத்திருந்ததை ஒரு கடை மூலமாக வாங்கினேன்.

பிரச்சினை இதுதான். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போனேன். "போர்சைட் செய்துதான் கொடுக்கிறோம், நேரே 100 கஜத்தில் சுடலாம்" என்று கடையில் சொல்லியிருந்தார்கள் (குழலும் ஸ்கோப்பும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி வைப்பதுதான் போர்சைட்). 100 கஜத்தில் மூன்று சுட்டேன். அட்டையில் ஓட்டையே இல்லை. சரி என்று 25 கஜத்துக்கு வந்தேன். முதல் குண்டு மையத்துக்கு 2 அங்குலம் இடப்பக்கம். ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் ஒரு க்ளிக்குக்குக் கால் அங்குலம் என்று எழுதியிருந்ததால் 8 க்ளிக் வலப்பக்கம் திருகினேன். அடுத்த குண்டு அரை அங்குலம்தான் நகர்ந்தது. இன்னும் திருகினேன், அது வலப்பக்கம் போகாமல் கீழே இறங்கியது. மேலே திருகினால் அடுத்தது எங்கோ. இப்படியே 20-உம் தீர்ந்தது, தோளும் கன்றிவிட்டது.

ஸ்கோப் கெட்டுப்போனதா? இந்த 12 நாளில் இங்கே பழகிக்கொள்ள வழி இருக்கிறதா?

ஒரத்தநாடு ஹவில்தார்:

தம்பி, ஸ்கோப்பைப் பிறகு பார்க்கலாம். மூன்று கேள்விக்கு முதலில் பதில் சொல். ஒவ்வொரு குண்டு சுட்டதும் திருகினாயா, சேர்த்துச் சுட்டுவிட்டுத் திருகினாயா? 20 தோட்டாவும் ஒரே பெட்டிதானா? துப்பாக்கியை எதன் மேல் வைத்துச் சுட்டாய், எந்த இடம் பட்டுக்கொண்டிருந்தது?

குடமுருட்டி:

ஐயா, ஒவ்வொரு குண்டுக்கும் திருகினேன். தோட்டா ஒரே பெட்டி இல்லை. முன்பு வைத்திருந்தவர் கொடுத்த 180 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டா 8 இருந்தது, வீணாக வேண்டாம் என்று அதையும் இடையில் கலந்து சுட்டேன். மற்றது நான் வாங்கிய 150 கிரெய்ன். மேசையில் ஒரு மரக்கட்டை கிடந்தது, குழலை அதன்மேல் வைத்துச் சுட்டேன்.

ஒரத்தநாடு ஹவில்தார்:

அப்படியானால் உன் ஸ்கோப் அநேகமாக நன்றாகத்தான் இருக்கிறது. நிதானமாகப் படி.

பட்டாளத்தில் புதுப் பையனை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனால் மையத்தில் அடித்தானா என்று முதலில் பார்க்கமாட்டோம். ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து சுடச் சொல்வோம். ஐந்தும் ஒரு கைப்பிடிக்குள் விழுந்திருந்தால், அது அட்டையின் எந்த மூலையில் இருந்தாலும், "நீ தயார்" என்போம். அதற்குப் பெயர் குரூப். குரூப் வந்த பிறகுதான் ஜீரோ. குண்டுகள் சிதறிக் கிடக்கும்போது குமிழைத் திருகினால், எது துப்பாக்கியின் பிழை, எது உன் கையின் பிழை என்று தெரியவே தெரியாது. நீ செய்தது அதுதான். ஒரு குண்டைத் துரத்திக்கொண்டு போனாய், அடுத்த குண்டு வேறு காரணத்தால் வேறு இடத்துக்குப் போனது, நீ அதையும் துரத்தினாய்.

அடுத்தது கணக்கு. ஸ்கோப்பில் எழுதியிருக்கும் கால் அங்குலம் 100 கஜத்துக்கு மட்டும் உள்ளது. அதன் உள்ளே இருப்பது கோண அளவு: எம்.ஓ.ஏ. என்பார்கள், ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம் வரும், நாம் ஓர் அங்குலம் என்றே வைத்துக்கொள்ளலாம். தூரம் குறைந்தால் அந்த அங்குலமும் அதே அளவில் குறையும். 50 கஜத்தில் ஓர் அங்குலம் நகர்த்த 8 க்ளிக் வேண்டும், 25 கஜத்தில் 16 க்ளிக். 25 கஜத்தில் 2 அங்குலம் நகர்த்த நீ 32 க்ளிக் திருகியிருக்க வேண்டும். 8 திருகினாய். அரை அங்குலம் நகர்ந்தது. உன் ஸ்கோப் எவ்வளவு நேர்மையாக வேலை செய்திருக்கிறது, பார்.

தோட்டாவைக் கலந்ததுதான் பெரிய தவறு. 150 கிரெய்னும் 180 கிரெய்னும் வேறு வேறு வேகத்தில் கிளம்பும், குழல் அதிர்வதும் வேறு மாதிரி. ஒன்றுக்கு வைத்த ஜீரோ மற்றதுக்கு நிற்காது. எடை ஒன்றாக இருந்தாலும் கம்பெனி மாறினால் மாறும். நவம்பரில் எந்தத் தோட்டாவோடு காட்டுக்குப் போகிறாயோ அதை இப்போதே இரண்டு மூன்று பெட்டி வாங்கி வைத்துக்கொள். ஜீரோவும் அதிலேயே.

குழலைக் கட்டைமேல் வைக்கவே கூடாது. குண்டு போகும்போது குழல் அதிரும். கட்டை அதைத் தடுத்தால், சுடும்போது குழல் கட்டையை விட்டு எகிறும். முன்பக்க மரப்பிடி, அதாவது ஸ்டாக்கின் முன்பாகம், மணல் மூட்டைமேல் உட்கார வேண்டும். பின்னால் பட், அதாவது தோளில் பதியும் பின்முனை, அதன் அடியில் இன்னொரு சின்ன மூட்டை. இடது கையால் அந்தப் பின்மூட்டையைப் பிடித்து இறுக்கினால் பட் உயர்ந்து குறி இறங்கும், விட்டால் ஏறும். துப்பாக்கியை நீ தூக்கிப் பிடிக்கவே வேண்டாம். மூட்டை பிடித்துக்கொள்ளும்.

நாகூர் கடற்காற்று:

ஹவில்தார் ஐயா குரூப் பற்றிச் சொன்னதைப் படித்ததும் பலூன் கடை ஞாபகம் வந்துவிட்டது. கந்தூரியிலும் வேளாங்கண்ணித் திருவிழாவிலும் போர்டு நிறைய பலூன் கட்டி ஏர் கன் கொடுப்பார்களே, அதில்தான் நானும் என் மாமாவும் வளர்ந்தோம். மாமா முதல் ஐந்து ரவையைப் பலூனுக்குச் சுடமாட்டார். போர்டின் ஓரத்தில் பலூன் இல்லாத இடத்தில் ஒரு பழைய ஆணியடித்த தடம் இருக்கும், அதையே ஐந்து முறையும் குறிபார்த்துச் சுடுவார். ஐந்தும் நாலு விரல் வலப்பக்கம், ஒரு விரல் கீழே விழுந்திருக்கும். அதற்குப் பிறகு மஞ்சள் பலூன் வேண்டுமென்றால் அதற்கு நாலு விரல் இடப்பக்கம், கொஞ்சம் மேலே இருக்கும் இடத்தைக் குறிவைப்பார். பட் பட்டென்று உடையும். கடைக்காரர் மாமாவைப் பார்த்ததும் துப்பாக்கியை மாற்றிக் கொடுப்பார். மாமா மறுபடியும் ஆணித் தடத்திலிருந்து ஆரம்பிப்பார்.

குடமுருட்டி தம்பி, பலூன் கடையில் குறியை மாற்ற முடியாததால் மாமா மனக்கணக்காகச் செய்ததை உங்கள் ஸ்கோப்பின் குமிழ் செய்கிறது. முதல் ஐந்து ரவையைத் தியாகம் செய்யாமல் மாமாவாலும் முடியாது.

மன்னை-டெக்சாஸ்:

நான் மன்னார்குடி. 14 வருஷமாக டெக்சாஸில் இருக்கிறேன், எட்டு சீசன் போயிருக்கிறேன். ஹவில்தார் அண்ணன் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை, சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் சட்டம். நீங்கள் வேலை விசாவில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விசாவில் இருப்பவர் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே அந்த உரிமம் காலாவதியாகும் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்த பிறகும் ரைபிள் வீட்டில் இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

கடையில் செய்வதாகச் சொன்ன போர்சைட் பற்றி: குழலுக்குள் லேசர் விட்டோ காந்தம் ஒட்டியோ பார்ப்பது ஒரு தொடக்கம் மட்டும்தான். போல்ட் ரைபிளில் அதை நீங்களே செய்யலாம். தோட்டா எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு போல்ட்டைக் கழற்றுங்கள். மூட்டைமேல் ஆடாமல் வைத்து, பின்பக்கத்திலிருந்து குழல் வழியாக 25 கஜத்தில் இருக்கும் கறுப்பு வட்டத்தைப் பாருங்கள். குழலின் வட்டத்துக்குள் அந்தக் கறுப்பு நடுவில் உட்கார வேண்டும். துப்பாக்கியை அசைக்காமல் கண்ணை ஸ்கோப்புக்கு ஏற்றி, குறுக்குக் கோடு அதே கறுப்பில் விழும்வரை குமிழைத் திருகுங்கள். இது 25 கஜத்தில் அட்டைக்குள் குண்டைக் கொண்டுவரும். அதற்குமேல் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சுடுவதற்கு முன், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் வளையங்களின் திருகுகளைச் சோதியுங்கள். கைமாறி வந்த துப்பாக்கியில் பத்துக்கு நாலு முறை வில்லங்கம் அங்கேதான் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஹவில்தார் அண்ணனோடு நான் மாறுபடுவது ஒன்றில். 100 கஜத்தில் சரியாக மையம் என்று வைக்காதீர்கள். 2 அங்குலம் மேலே வையுங்கள். .308-இல் 150 கிரெய்ன் குண்டு அப்போது 200 கஜத்தில் கிட்டத்தட்ட மையத்துக்கு வந்துவிடும். மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். 200 கஜம் வரை எதையும் கணக்குப் போடாமல் நடுவில் குறிவைக்கலாம்.

ஒரத்தநாடு ஹவில்தார்:

மன்னைத் தம்பி, டெக்சாஸில் வெட்டவெளி. உனக்கு அது சரி. விஸ்கான்சினில் காடு என்கிறார்கள், 60 கஜத்தில் மரத்துக்கு நடுவே நிற்கும் மானுக்கு 2 அங்குலம் மேலே எதற்கு? புதுப் பையனுக்கு ஒரே பாடம் போதும்: எங்கே பார்க்கிறாயோ அங்கே குண்டு. 100-இல் மையம் வைத்தால் 200-இல் சுமார் 4 அங்குலம் இறங்கும், அவ்வளவுதான். அந்தத் தூரத்தில் முதல் வருஷம் அவன் சுடவே வேண்டாம்.

குடமுருட்டி, அந்தப் பண்ணையில் நீ உட்காரும் இடத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தூரம் தெரியும்? அதைக் கேட்டு எழுது. பதில் அதில்தான் இருக்கிறது.

உப்பளத்தான்:

நான் வேதாரண்யம். இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கோடியக்கரைக் காட்டில் இருப்பது வெளிமான். சங்கப் பாட்டில் இரலை என்று வருவது இதுதான். 1967-இலேயே அதைச் சரணாலயமாக ஆக்கிவிட்டார்கள். ஆண் மானுக்கு முதுகு கறுத்து, கொம்பு திருகித் திருகிப் போகும். மழை முடிந்து புல் முளைத்ததும் வெளியில் அது துள்ளி ஓடுவதைப் பார்த்தவனுக்கு அதன்மேல் துப்பாக்கி நீட்ட மனசு வராது. சட்டமும் அப்படித்தான்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் மான் வேட்டை குற்றம், வெளிமானைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அமெரிக்காவில் அனுமதி இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. அதைப் பற்றிச் சண்டை போட வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாலு வருஷம் முன்பு காட்டிலிருந்து வழிதவறி வந்த பிணைமான் ஒன்றைத் தெருநாய்கள் தொடையில் கடித்துவிட்டன. உப்புப் பாத்தி வரப்போரம் அது படுத்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். கண் திறந்தே இருந்தது. மூக்கு நுனியில் உப்புத் தூள் ஒட்டியிருந்தது, மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் தூள் அசைந்தது. கிட்டே போனால் எழுந்து ஓடப் பார்க்கிறது, பின்காலால் முடியவில்லை. துண்டை நனைத்து அதன் முகத்தில் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். தூக்கிப்போக வண்டி வந்தபோது அசைவு நின்றிருந்தது. ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று.

20 குண்டில் ஒன்றுகூட எங்கே போகும் என்று தெரியாத துப்பாக்கியோடு தம்பி காட்டுக்குப் போகக்கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

குடமுருட்டி:

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. இந்த இழையை ஆரம்பித்ததே அந்தப் பயத்தில்தான். பயிற்சி வகுப்பிலும் முதலில் சொன்னது அதைத்தான்: மான் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும், முன்கால் ஓரமாக மேலே ஏறி, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்த இடத்தில் பட்டால் சில வினாடிகளில் முடிந்துவிடும். பின்னால் தள்ளி வயிற்றில் பட்டால் மணிக்கணக்கில் எங்கோ போய் ஒளிந்து சாகும்.

நண்பர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். டிபன் தட்டு அளவுள்ள காகிதத் தட்டைக் குத்திவைத்து, காட்டில் எப்படி உட்காருவேனோ அப்படி உட்கார்ந்து மூன்று சுட வேண்டும். மூன்றும் எந்தத் தூரம் வரை தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் என் எல்லை. 70 கஜம் என்றால் 70 கஜம். அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய மான் நின்றாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒத்துக்கொண்டேன்.

ஹவில்தார் ஐயா, தூரம் கேட்டுவிட்டேன். வேட்டைக்கு நான் உட்காரும் மேடையிலிருந்து காட்டுப் பக்கம் 80 கஜம். வைக்கோல் புல் வெட்டிய வெளிப்பக்கம் அதிகபட்சம் 120.

சம்பா வயல்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஏர் கன் இருக்கிறது. அதை வைத்து வயலில் மடையான், கொக்கு சுட்டுப் பழகினால் குறி வராதா? எங்கள் பக்கம் எல்லோரும் சுடுகிறார்கள்.

உப்பளத்தான்:

தம்பி, வேண்டாம். மடையான், கொக்கு, நாரை, உள்ளான் எல்லாமே அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால் பறவையைச் சுட அனுமதி வந்துவிடாது. வடுவூர் ஏரிக்கு 1999-இல் சரணாலய அந்தஸ்து வந்தது. அங்கே இரவு தங்கும் பறவைகள் பகலில் இரை தேடி இறங்குவது உன் வயலில்தான். நடவு வயலில் பூச்சியும் நண்டும் பொறுக்கித் தின்னும் பறவைகள் அவை. உன் வயலுக்குக் கூலி கேட்காமல் வேலை செய்கின்றன.

திருச்சி 10 மீட்டர்:

சம்பா வயல் தம்பிக்கும் குடமுருட்டி அண்ணாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிகளில் சுடுகிறேன், பயிற்சி திருச்சி ரைபிள் கிளப்பில். 2022-இல் மாநிலப் போட்டி நடந்து, அஜித் வந்திருந்தபோது வாசலில் கூட்டம் நின்றதே, அதே கே.கே. நகர் ரேஞ்ச்தான். காகிதத்தைச் சுட்டே குறி வரும். காகிதத்தில்தான் வரும், ஏனென்றால் அதில்தான் தவறு அப்படியே பதிந்து நிற்கும்.

எங்கள் அட்டையில் 10 மதிப்பெண் புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த பொட்டுதான். போட்டியில் 75 நிமிஷத்தில் 60 ரவை. அந்தப் புள்ளியைக் கண்ணால் பிடிக்கப் பார்த்தால் முடியாது. உடம்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும், அதுதான் பயிற்சி. குடமுருட்டி அண்ணாவுக்கு இந்த 12 நாள் நிறையவே போதும்.

ஊரில் யாரிடமாவது குழலை மடக்கும் ஸ்பிரிங் ஏர் ரைபிள் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மரப்பெட்டியில் ஆற்றுமணல் நிரப்பி அதன் முன்னால் அட்டையைக் கட்டுங்கள். செங்கல் சுவர் வேண்டாம், ரவை தெறித்துத் திரும்பும். வைக்கோல் போரை நம்பாதீர்கள். பெட்டிக்குப் பின்னாலும் ஆள், மாடு, பாதை எதுவும் இல்லாத பக்கமாக இருக்கட்டும். ரவை 200 மீட்டருக்கு மேலேயே போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தூரம், ஒரு நாளைக்கு 40 ரவை, அதற்குமேல் வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. ஸ்பிரிங் ஏர் ரைபிளை ரவை இல்லாமல் வெறுமனே சுடக்கூடாது, உள்ளே பிஸ்டன் மோதிக் கெட்டுவிடும். அதை மூட்டைமேல் அழுத்தி வைத்தும் சுடக்கூடாது. ஸ்பிரிங் முன்னும் பின்னும் உதைக்கும், மூட்டை அதைத் தள்ளிவிடும், குரூப் பிரியும். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் சும்மா கிடக்கவிடுங்கள். இது உங்கள் .308-க்கு நேர் எதிர், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூச்சை அடக்கிக்கொண்டு சுடாதீர்கள். மூச்சு விட்ட பிறகு அடுத்த மூச்சு வருவதற்குள் ஓர் இயல்பான இடைவெளி இருக்கிறது, அதில் சுடுங்கள். ஏழெட்டு வினாடி தாண்டினால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ட்ரிகரை விரல் நுனிச் சதையால் நேரே பின்னால் அழுத்துங்கள், கூட்டிக் கூட்டி. சத்தம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியக்கூடாது. வெடித்த பிறகும் ஒரு வினாடி குறியிலேயே கண் இருக்கட்டும்.

உங்கள் குண்டு வலப்பக்கம் போகாமல் கீழே இறங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அது ஸ்கோப்பின் வேலை இல்லை என்றே நினைக்கிறேன், அண்ணா. தோள் வலித்தது, அடுத்த உதைக்கு உடம்பு முன்கூட்டியே பதறியது. பதறும்போது துப்பாக்கி முனை கீழே போகும்.

மன்னை-டெக்சாஸ்:

திருச்சி 10 மீட்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. அந்தப் பதற்றத்தைக் கண்டுபிடிக்க அங்கே போனதும் இதைச் செய்யுங்கள்: நண்பர் உங்களுக்குத் தெரியாமல் ஒருமுறை நிஜத் தோட்டா, ஒருமுறை வெடிக்காத டம்மி என்று மாற்றி மாற்றிப் போடட்டும். டம்மி வரும்போது முனை குனிந்தால் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். எனக்கு முதல் வருஷம் நன்றாகவே குனிந்தது. காதில் நுரை அடைப்பான், அதன்மேல் மூடி, இரண்டும் போட்ட பிறகு பாதி சரியாயிற்று. சத்தத்துக்குத்தான் உடம்பு அதிகம் பயப்படுகிறது.

குடமுருட்டி:

நாளை இரவு சென்னையில் ஃப்ளைட். அதற்குள் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சித்தப்பாவின் பழைய ஏர் ரைபிள் கிடைத்தது. எங்கள் கொல்லையில் குடமுருட்டி ஆற்றின் கரைமேடு இருக்கிறது, அதை முதுகாக வைத்து மணல் பெட்டி. முதல் நாள் 40 ரவையும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவின. நாலாவது நாள் ஒன்றைக் கவனித்தேன்: ட்ரிகரை அழுத்தும்போது வலது கட்டைவிரலும் சேர்ந்து ஸ்டாக்கை இறுக்குகிறது. கட்டைவிரலைப் பக்கவாட்டில் சும்மா வைத்தேன். அன்று சாயங்காலமே குரூப் பாதியானது. நேற்று ஐந்து ரவை ஒரு ரூபாய் நாணயத்துக்குள். நாணயம் மறைக்கிற அளவுக்கு மையத்துக்கு இடப்பக்கம் தள்ளி, ஆனால் ஐந்தும் ஒன்றாக. நாகூர் அண்ணே, குறியை நான் மாற்றவில்லை. மாமாவைப் போல வலப்பக்கம் பார்த்து அடுத்த ஐந்தைச் சுட்டேன். மையம் கிழிந்துவிட்டது.

ஒரத்தநாடு ஹவில்தார்:

சந்தோஷம் தம்பி. அங்கே போனதும் 25, பிறகு 100. மூன்று மூன்றாகச் சுடு. மூன்று முடிந்ததும் போல்ட்டைத் திறந்து வைத்துக் குழலை ஆறவிடு, பத்து நிமிஷமாவது. சூடான குழல் வேறு கதை சொல்லும். எல்லாவற்றையும் நோட்டில் எழுது.

குடமுருட்டி:

விஸ்கான்சினிலிருந்து எழுதுகிறேன். அக்டோபர் வந்துவிட்டது, காலையில் 4 டிகிரி.

மன்னை அண்ணே, நீங்கள் சொன்னது சரியாக இருந்தது. பின்பக்க வளையத்தின் ஒரு திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் சாவியால் அளவாக முடுக்கினோம். 150 கிரெய்ன், ஒரே பெட்டி. போல்ட்டைக் கழற்றிக் குழல் வழியாகப் பார்த்து வைத்தேன்.

25 கஜத்தில் முதல் மூன்று: ஓர் அங்குலத்துக்குள் குரூப், நடு மையத்துக்கு ஒன்றரை அங்குலம் கீழே, ஓர் அங்குலம் வலப்பக்கம். மேலே 24 க்ளிக், இடப்பக்கம் 16. அடுத்த மூன்றும் மையத்தைத் தொட்டுக்கொண்டு விழுந்தன. 100 கஜத்துக்குப் போனோம். குரூப் இரண்டு அங்குலத்துக்குள், மையத்துக்கு இரண்டரை அங்குலம் மேலே. 25-இல் மையம் வைத்தால் 100-இல் இப்படி மேலே போகும் என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். ஸ்கோப் குழலுக்குமேல் ஒன்றரை அங்குலம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, குண்டு அந்தப் பார்வைக் கோட்டை வெட்டிக்கொண்டு மேலேறிப் பிறகுதான் இறங்குகிறது.

எங்கள் எல்லை 120 கஜம் என்பதால் ஹவில்தார் ஐயா, மன்னை அண்ணே இரண்டு பேர் சொன்னதுக்கும் நடுவில் வைத்தேன்: 6 க்ளிக் கீழே, 100-இல் ஓர் அங்குலம் மேலே. டம்மி சோதனையில் பத்தில் ஒருமுறை முனை குனிந்தது. காகிதத் தட்டில், மேடையில் உட்கார்ந்து சுட்டபோது 110 கஜம் வரை மூன்றும் உள்ளே. 120-இல் ஒன்று விளிம்பில். ஆக என் எல்லை 110.

நேற்று இரவு ரைபிளைக் குளிரிலேயே, பூட்டிய ஷெட்டில் வைத்தோம். இன்று காலை ஒரே ஒரு குண்டு, ஆறிய குழல், 100 கஜம். மையத்துக்கு ஓர் அங்குலம் மேலே, கால் அங்குலம் இடப்பக்கம். அந்தக் கால் அங்குலத்துக்கு ஒரு க்ளிக் வலப்பக்கம் திருகலாமா?

ஒரத்தநாடு ஹவில்தார்:

தொடாதே. குமிழ் மூடியைப் போட்டு இறுக்கு.